‘ஷகூர்’ என்றொரு பெயர்: விழுந்து எழுந்த தாயும் நன்றி மறவாத மகனும்



அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு மாலை வகுப்பில் ‘அஷ்ஷகூர்’ என்னும் திருநாமத்திற்கு வந்தோம். அடியான் செய்யும் சிறு நற்செயலையும் ஏற்று, அதற்குப் பன்மடங்கு கூலி வழங்குபவன் என்று பொருள் சொன்னேன். பின்வரிசையிலிருந்து 14 வயது மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், டூபாக் ஷகூர் என்று அமெரிக்காவில் ஒரு ராப் பாடகர் இருந்தாரே, அவருக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது? அவர் முஸ்லிமா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் அவனை அமரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அவன் கேலிக்காகக் கேட்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருந்தது. பதில் தெரியாததை மறைக்கவே அவனை அமரச் சொன்னேன். அந்த உறுத்தல் காரணமாகவே, அப்பாடகரையும் அவருடைய தாயாரையும் பற்றிய ஆவணத்தொடர் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். 2023ஆம் ஆண்டு எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் 5 பாகங்களாக வெளிவந்த அத்தொடரின் பெயர் ‘டியர் மாமா’. நம் செவிக்கு இது தாய்மாமனைக் குறிப்பதாகத் தோன்றலாம். அங்கே ‘மாமா’ என்பது உம்மாவை அழைக்கும் சொல். ஆலன் ஹியூஸ் இயக்கிய இத்தொடர் தாயின் வாழ்வையும் மகனின் வாழ்வையும் மாறி மாறிச் சொல்லிச் செல்கிறது.

இதனைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பாருங்கள் என்று நான் பரிந்துரைக்கவில்லை. இதில் இசையும் வசைச்சொற்களும் வன்முறையும் நிறைந்துள்ளன. ஆயினும் இத்தொடர் எழுப்பும் ஒரு கேள்வி நம் இல்லங்களுக்கும் உரியது என்பதால் எழுதுகிறேன். வழி தவறிய தாய்க்கோ தந்தைக்கோ பிள்ளைகள் எவ்வாறு நன்றியுடையோராக இருப்பது? அந்தப் பிள்ளைகளுக்கு ஜமாஅத்தாகிய நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில் அந்த மாணவனின் கேள்விக்கான விடை. டூபாக் முஸ்லிமாக வாழ்ந்தவர் அல்லர். ஆனால் அப்பெயர் வந்த வழியில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். மால்கம் எக்ஸைப் பின்பற்றிய ஸலாஹுத்தீன் ஷகூர் என்ற கறுப்பின முஸ்லிம் பெரியவரின் குடும்பப் பெயர் அது. அவருடைய மகன் லுமும்பா ஷகூரை 1968இல் மணந்தபோது ஆலிஸ் ஃபே வில்லியம்ஸ் என்ற இளம்பெண் ‘அஃபெனி ஷகூர்’ ஆனார். அவருக்குப் பிறந்த டூபாக் அப்பெயரைத் தாய்வழியாகவே பெற்றார்.

அஃபெனி 1947இல் வட கரோலினா மாநிலத்தின் லம்பர்ட்டன் என்னும் ஊரில் வறுமையில் பிறந்தவர். சிறுமியாக நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1968இல் பிளாக் பாந்தர் கட்சியில், அதாவது கருஞ்சிறுத்தைகள் கட்சியில் சேர்ந்தார். 1966இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் தொடங்கப்பட்ட அக்கட்சி, காவல்துறையின் அத்துமீறலுக்கு எதிராக ஆயுதம் தாங்கி நின்றதுடன், ஏழைச் சிறார்க்கு இலவசக் காலை உணவும் வழங்கியது. அமெரிக்க உளவுத்துறையான எஃப்பிஐ அக்கட்சிக்குள் ஒற்றர்களைப் புகுத்தி அதனைக் குலைத்தது இன்று ஆவணங்களால் நிறுவப்பட்ட வரலாறு.

1969 ஏப்ரலில் நியூயார்க்கில் அக்கட்சியினர் 21 பேர் மீது, காவல் நிலையங்களையும் கடைகளையும் குண்டுவைத்துத் தகர்க்கச் சதி செய்ததாக வழக்குத் தொடரப்பட்டது. அஃபெனி அவர்களில் ஒருவர். வயது 22. பிணைத்தொகை 1,00,000 டாலர். அவர் சட்டம் படித்தவர் அல்லர். ஆயினும் வழக்கறிஞர் வேண்டாம், என் வழக்கை நானே நடத்துவேன் என்று முடிவு செய்தார். பிணையில் வெளியே இருந்த காலத்தில் கருவுற்றார். பிணை இரத்தாகி மீண்டும் சிறைக்குச் சென்றபோது வயிற்றில் குழந்தை. சிறையில் போதிய உணவுக்காகவும் அவர் போராட நேர்ந்தது. அந்நிலையிலேயே, கட்சிக்குள் ஊடுருவியிருந்த இரகசியக் காவலர் ஒருவரை அவரே குறுக்கு விசாரணை செய்தார். நான் வன்முறையில் ஈடுபட்டதை நீர் பார்த்தீரா என்ற பொருளில் அவர் அடுத்தடுத்துக் கேட்ட கேள்விகளால் அந்தச் சாட்சியம் வலுவிழந்தது. 1971 மே மாதத்தில் 156 குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஜூன் 16 அன்று டூபாக் பிறந்தார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் மேடைதோறும் சொல்வதற்கு ஏற்ற வரலாறாக இருந்திருக்கும். நாம் சொல்ல விரும்பும் வரலாறுகள் பெரும்பாலும் இத்தகைய இடத்தில்தான் நிறுத்தப்படுகின்றன. ஆனால் அஃபெனியின் வாழ்வு மேலும் 45 ஆண்டுகள் நீண்டது.

வழக்கில் வென்ற அப்பெண்ணுக்கு அதன்பின் நிலையான வேலையோ வீடோ அமையவில்லை. இயக்கம் சிதறியது. தோழர்கள் சிலர் கொல்லப்பட்டனர். பலர் சிறை சென்றனர். மகனின் வளர்ப்புத் தந்தையான முதுலு ஷகூர் தலைமறைவாகி, 1986இல் பிடிபட்டு, பல்லாண்டுகள் சிறையில் இருந்தார். அஃபெனி மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாக மாறினார். அவ்வறுமையிலும் மகன் தவறு செய்தால் அவர் கொடுத்த தண்டனை, நியூயார்க் டைம்ஸ் நாளிதழைப் படிக்க வைப்பது. பால்டிமோர் நகரின் கலைப்பள்ளியில் மகன் நாடகமும் கவிதையும் பயின்றான். 1988இல் குடும்பம் கலிஃபோர்னியாவின் மரின் சிட்டிக்குச் சென்றது. அக்காலத்தில் அமெரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளைச் சூறையாடிய ‘கிராக்’ என்னும் கோகெய்ன் போதைக்கு அஃபெனியும் அடிமையானார். நீதிமன்றத்தில் கலங்காமல் நின்றவர் போதையின் முன் தோற்றார். மகன் வீட்டைவிட்டு வெளியேறினான். இருவருக்குமிடையே உறவு அறுந்தது.

அவர் எழுந்ததும் அதே அளவு உண்மை. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் திரும்பி, சிகிச்சையும் துணைக்குழுவின் ஆதரவும் பெற்று, போதையிலிருந்து மீண்டார். தாயும் மகனும் மீண்டும் இணைந்தனர். 1995இல் மகன் தன் தாயைப் பற்றிய பாடலை வெளியிட்டார். தொடரின் தலைப்பும் அப்பாடலின் பெயரே. தாய் போதைக்கு அடிமையாக இருந்ததை அது மறைக்கவில்லை. அவள் பட்ட பாட்டையும் ஊட்டிய உணவையும் மறக்கவுமில்லை. இரண்டையும் ஒருசேரச் சொல்லி, அவளுக்குத் தான் கடன்பட்டிருப்பதை அறிவிக்கிறது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதனைச் சேர்த்தது.

நன்றியறிதலை மார்க்கம் எங்கே வைத்திருக்கிறது என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பாருங்கள். நூஹ் (அலை) அவர்களை ‘ஷகூர்’ ஆகிய அடியார் என்று திருக்குர்ஆனின் 17ஆவது அத்தியாயம் சிறப்பிக்கிறது. லுக்மான் அத்தியாயத்தின் 14ஆவது வசனம், தாய் பலவீனத்தின் மேல் பலவீனம் அடைந்து சுமந்ததை நினைவூட்டிவிட்டு, அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவதையும் பெற்றோருக்கு நன்றி செலுத்துவதையும் அடுத்தடுத்து வைத்துக் கட்டளையிடுகிறது. அங்கே ஆளப்படுவது ‘ஷுக்ர்’ என்ற அதே வேர்ச்சொல்தான். அடுத்த வசனம் இன்னும் ஆழமானது. இணைவைக்குமாறு பெற்றோர் வற்புறுத்தினாலும் அதில் மட்டும் கீழ்ப்படிய வேண்டாம். ஆனால் உலக வாழ்வில் அவர்களுடன் நல்ல முறையில் உறவாட வேண்டும் என்கிறது. அபூபக்ர் (ரழி) அவர்களின் மகளார் அஸ்மா (ரழி), இணைவைப்பில் இருந்த தம் தாய் வந்திருப்பதைச் சொல்லி, உறவு பாராட்டலாமா என்று கேட்டபோது, பாராட்டுமாறே பெருமானார் (ஸல்) பணித்தார்கள். ஷிர்க் இருக்கும்போதே அற்றுப் போகாத தாயின் உரிமை, போதையினால் அற்றுப் போகுமா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், எழ வேண்டும். குறையை மறைப்பது, ‘ஸத்ர்’, நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழியின் கருத்து. அவ்வாறிருக்கத் தாயின் குறையை ஊரறியப் பாடியது எப்படி நன்றியாகும்?

இதற்கு என் விடை இதுதான். அஃபெனி தம் வீழ்ச்சியைத் தாமே வெளிப்படையாகப் பேசியவர். 2004இல் நடிகை ஜாஸ்மின் கை எழுதிய நூலிலும் தம் வாழ்வை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அது அவர்களுடைய தெரிவு. நம் பிள்ளைகள் பெற்றோரின் குறைகளை மேடையேற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மார்க்கம் சொல்லும் ஸத்ர் வேறு, நாம் நடைமுறையில் செய்வது வேறு. புறம் பேசுதல் விலக்கப்படாத 6 சூழல்களை எண்ணிக் காட்டும் இமாம் நவவீ (ரஹ்), தீமையை மாற்ற உதவி தேடுவதையும் மார்க்கத் தீர்ப்புக் கேட்பதையும் அவற்றில் சேர்த்திருக்கிறார்கள். தம் கணவர் போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் (ரழி) அவர்கள் பெருமானாரிடம் (ஸல்) முறையிட்டபோது, குறை சொல்கிறாய் என்று அவர்கள் தடுக்கவில்லை. உதவக் கூடியவரிடம் சொல்வதற்கு வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசலைத்தான் மானம் என்ற பெயரில் நாம் அடைத்துவிட்டோம்.

இதை எழுதும் எனக்கும் அதில் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஹிஃப்ழு வகுப்பில் இருந்த ஒரு சிறுவன், பாடத்தில் திடீரெனப் பின்தங்கினான். தனியே அழைத்துக் கேட்டேன். “உம்மா காலையில் எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க ஹஜ்ரத். ஏதோ மாத்திரை போட்டுக்கிறாங்க. தம்பியை நான்தான் பார்த்துக்கிறேன்” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வீட்டுச் செய்தியை வெளியில் சொல்லக் கூடாது. உம்மாவுக்காக துஆச் செய்” என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சென்றான். அதன்பின் அவன் என்னிடம் எதையும் சொல்லவில்லை. சில மாதங்களில் மத்ரஸாவுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்காக எடுத்த மாத்திரையை அத்தாயால் நிறுத்த முடியாமல் போயிற்று என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அச்சிறுவன் தன் தாயை இழிவுபடுத்த என்னிடம் வரவில்லை. அவரைக் காப்பாற்ற வந்தான். துஆச் செய் என்றது சரியே. ஆனால் துஆவுடன், என் இல்லத்தாரை அவ்வீட்டிற்கு அனுப்பியிருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்திருக்கலாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டாரிடம் சொல்லியிருக்கலாம். ஸத்ர் என்று நான் எண்ணிக்கொண்டது உண்மையில் என் கோழைத்தனம்.

நம் மஹல்லாக்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். போதைக்கு அடிமையானவரின் குறை திண்ணைதோறும் மெல்லிய குரலில் பேசப்படுகிறது. அவரிடம் நேரில் பேசுவோர் எவருமில்லை. அவ்வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருவோர் பின்வாங்குகின்றனர். மீண்டு வந்தவர் தொழுகை வரிசையில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறார். மீண்டவர் பெண்ணாக இருந்துவிட்டால் ஊர் மறப்பதே இல்லை. மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) தடுத்தார்கள். அது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. தண்டனை உரியபடி நடந்தது; ஆனால் அம்மனிதர் சமூகத்தைவிட்டுத் தள்ளப்படவில்லை. நாம் தண்டிக்கும் அதிகாரம் இல்லாதவர்கள். தள்ளிவைக்கும் வேலையை மட்டும் செவ்வனே செய்கிறோம்.

டூபாக்கின் வாழ்வில் எச்சரிக்கையும் உண்டு. தாயைப் போற்றும் அப்பாடல் வெளியானபோது அவர் சிறையில் இருந்தார். ஒரு பெண்ணுக்கு எதிரான பாலியல் குற்றத்திற்காக நியூயார்க் நீதிமன்றம் அவரைத் தண்டித்திருந்தது. இறுதிவரை அவர் அதனை மறுத்தார். எனினும் தீர்ப்பு அவ்வாறே நிற்கிறது. தாய்க்கு நன்றி செலுத்தும் நாவு இருந்தால் போதாது. பிறர் பெற்ற பெண்மக்களிடம் ஒருவர் நடந்துகொள்ளும் முறையும் கணக்கில் வரும். தாயின் காலடியில் சுவனம் என்று உரையாற்றிவிட்டு, வீட்டில் மனைவியை அவமதிப்போர் நம்மிடையே இல்லையா? அவர் வாழ்ந்த வன்முறைச் சூழலின் முடிவும் கண்முன் இருக்கிறது. 1996 செப்டம்பர் 7 அன்று லாஸ் வேகாஸ் நகரில் சுடப்பட்டு, 6 நாள்களில் இறந்தார். வயது 25.

தொடரின் இயக்குநரிடமிருந்தும் ஒரு பாடம் உண்டு. 1993இல் ஆலன் ஹியூஸ் தம் சகோதரருடன் எடுத்த திரைப்படத்திலிருந்து டூபாக் நீக்கப்பட்டார். அந்தக் கோபத்தில் டூபாக்கும் உடன் வந்தோரும் ஹியூஸைத் தாக்கினர். அதற்காக டூபாக்குக்கு 15 நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடிபட்ட அதே மனிதர் ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப் பின், தம்மை அடித்தவரின் வாழ்வை எடுத்துக்கொண்டு, தாக்குதலையும் மறைக்காமல், அவருடைய நன்மைகளையும் குறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற மாயிதா அத்தியாயத்தின் கட்டளையை ஓதுபவர்கள் நாம். நம்மோடு சொத்துத் தகராறு உள்ள உறவினரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் இந்த அளவு நீதியுடன் பேசுகிறோமா?

மகனை அடக்கம் செய்த தாய் மீண்டும் போதைக்குத் திரும்பியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அஃபெனி, இளைஞர்களுக்குக் கலைப்பயிற்சி அளிக்க மகனின் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்; அவர் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகளின் உரிமையைக் காக்க முன்நின்றார். 2016 மே 2 அன்று, 69ஆம் வயதில் இறந்தார்.

நான் கேட்பது பெரிய காரியங்களை அல்ல. இமாம்கள் ஜும்ஆ உரையில் போதையைக் கண்டிக்கும்போது, மீள விரும்புவோர் யாரை அணுகலாம் என்பதையும் சொல்லட்டும். இந்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லா உதவி எண் இதற்காகவே இருக்கிறது. அதனைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். போதை அடிமைத்தனம் பாவமாக இருப்பதுடன் சிகிச்சை தேவைப்படும் நோயாகவும் இருக்கிறது என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் ஏற்கட்டும். பெண்களிடம் பேச, நம்பிக்கைக்குரிய பெண்கள் சிலரை ஒவ்வொரு மஹல்லாவும் கண்டறியட்டும். மத்ரஸா ஆசிரியர்களே, ஒரு பிள்ளை தன் வீட்டைப் பற்றி உங்களிடம் வாய் திறந்தால், நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். முழுமையாகக் கேளுங்கள்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் அந்த 14 வயது மாணவனை எழுந்து நிற்கச் சொன்னேன். சென்ற வாரம் அவன் கேட்டது நல்ல கேள்வி என்றும், அவனை அமரச் சொன்னது என் தவறு என்றும் எல்லோர் முன்னிலையிலும் கூறினேன். பெயர் வந்த கதையைச் சொன்னேன். ஷகூர் என்னும் பெயரைத் தாங்குவதைவிட, தன் உம்மா எந்நிலையில் இருந்தாலும் அவருக்குரிய நன்றியைச் செலுத்துவதே கடினம் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வேறொரு மாணவன், இதுவரை அதிகம் பேசாதவன், மேசையருகே வந்து நின்றான். “ஹஜ்ரத், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றான். கதவைச் சாத்திவிட்டு, அவனை அருகில் அமர்த்திக்கொண்டேன்.

விழுந்தோரை எழுப்பும் கைகளை அல்லாஹ் நமக்குத் தருவானாக! நம் பெற்றோருக்கு நன்றியுடைய பிள்ளைகளாக நம்மையும், நமக்கு நன்றியுடையோராக நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக! ஆமீன்.